புது ரக பிரெட் சரியாக வரவில்லையா? அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

வெள்ளை பிரெட்டை வருடக்கணக்காக நன்றாகப் போட்டு வந்த பேக்கரிகள்தான் புது ரகத்தில் அதிகம் தடுமாறுகின்றன. வாங்குபவர்களின் ருசி மாறிவிட்டது. முழுக்கோதுமை கேட்கிறார்கள், விதை போட்டது கேட்கிறார்கள். சர்க்கரை குறைவாக வேண்டும், க்ளூட்டன் (மாவுக்கு இழுவை தரும் கோதுமைப் புரதம்) இல்லாமல் வேண்டும், லேபிளில் வாய்க்குள் நுழையாத பெயர்கள் இருக்கக் கூடாது என்கிறார்கள். நாமும் கைவசம் உள்ள வெள்ளை பிரெட் ஃபார்முலாவை எடுத்து, மைதாவில் கொஞ்சம் குறைத்து, அந்த இடத்தில் புதுப் பொருளைப் போட்டு, அதே மிக்ஸர் நேரம், அதே புரூஃப் (ஓவனுக்கு முன் மாவை எழும்ப விடுவது), அதே ஓவன் சூடு என்று ஓட்டிவிடுகிறோம். கீழே வரும் குறைகளில் பெரும்பாலானவை இங்கேதான் பிறக்கின்றன. உள்ளே போகும் ஒவ்வொரு புதுப் பொருளும் தனக்கென்று தண்ணீரும் நேரமும் கேட்கும். அதைக் கொடுக்காவிட்டால் பக்கத்தில் இருக்கும் மாவிடமிருந்து எடுத்துக்கொள்ளும்.

குறை தேடத் தொடங்கும் முன் இரண்டு விஷயங்கள். ஒரு சோதனைக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். தண்ணீரையும் ஈஸ்ட்டையும் ஒரே நாளில் மாற்றினால், எது வேலை செய்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. அப்புறம், மாவு மிக்ஸரை விட்டு வெளியே வரும்போது அதன் சூட்டைத் தெர்மாமீட்டரால் பார்த்து எழுதுங்கள். இந்த ஒரு எண் இல்லாத சோதனைக் குறிப்பு எனக்குப் பெரிதாக உதவியதில்லை. இங்கே சொல்லும் சதவீதங்கள் எல்லாம் பிசைவதற்கு முன் உள்ள உலர்ந்த மாவின் மொத்த எடையை 100 என்று வைத்துக் கணக்கிட்டவை.

பிரெட் எழும்பவில்லை, கையில் எடுத்தால் கனக்கிறது

முழுக்கோதுமையிலும் தவிடு சேர்த்த ரகங்களிலும் முதலில் வரும் புகார் இது. ஆறியதும் நடுவே வெட்டிப் பாருங்கள். உள்சதை நெருக்கமாகவும் வறண்டும் இருந்து, பக்கவாட்டில் தோல் கிழிந்திருந்தால் தண்ணீர் போதவில்லை. உச்சி தட்டையாக அமுங்கி, தோல் சுருங்கியிருந்தால் புரூஃப் அதிகமாகிவிட்டது. இரண்டுக்கும் பிரெட் சின்னதாகத்தான் இருக்கும், ஆனால் வைத்தியம் நேர் எதிர். வெட்டிப் பார்க்காமல் ஈஸ்ட்டைக் கூட்டுபவர்கள் இரண்டாவது நோயை வளர்க்கிறார்கள்.

தண்ணீர் போதாத கதையை முதலில் பார்ப்போம். தவிடு தண்ணீரை நிறையக் குடிக்கும், ஆனால் மெதுவாகக் குடிக்கும். பிசையும்போது மாவு சரியான பதத்தில் இருப்பது போலத் தெரியும், அரை மணி நேரத்தில் இறுகிவிடும். போதாததற்குத் தவிட்டின் கூரான விளிம்புகள் க்ளூட்டன் இழைகளை அறுக்கின்றன. அதனால் வெள்ளை பிரெட்டுக்குப் போடும் தண்ணீரைவிட 5 முதல் 8 சதவீதம் கூடுதலாக வைத்துத் தொடங்குங்கள். மிக்ஸரிலேயே மாவு கொஞ்சம் தளர்வாக, ஒட்டுகிற மாதிரிதான் இருக்கும். பயந்து மாவு தூவிவிடாதீர்கள். மாவையும் தண்ணீரையும் மட்டும் மெதுவேகத்தில் கலந்து 20 முதல் 30 நிமிடம் மூடி வையுங்கள். உப்பும் ஈஸ்ட்டும் அதற்குப் பிறகு. தவிட்டைத் தனியாக வாங்கிச் சேர்ப்பவர்கள் முந்தைய இரவே ஊறவைத்துவிடலாம்.

ஓய்வுக்கு முன் எலுமிச்சை அளவு மாவைக் கிள்ளி இரண்டு கையாலும் மெல்ல இழுத்துப் பாருங்கள். சட்டென்று பிய்யும், விளிம்பு ரம்பம் மாதிரி இருக்கும். ஓய்வுக்குப் பின் அதையே செய்தால் வழவழவென்று நீளும், தவிட்டுத் துணுக்கு இருக்கும் இடத்தில் மட்டும் சின்ன ஓட்டை விழும். முழுக்கோதுமைக்கு அந்த ஓட்டை இயல்பு. மைதா மாவு போலக் கண்ணாடித் திரை வரும்வரை பிசைந்தே தீருவேன் என்று அதிவேகத்தில் ஓட்டினால் இருக்கும் இழைகளும் அறுந்துவிடும்.

இதற்கு மேலும் உயரம் வேண்டுமானால் கோதுமைப் புரதத் தூளை, அதாவது க்ளூட்டன் பவுடரை, 2 முதல் 4 சதவீதம் சேர்க்கலாம். அது ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் தண்ணீர் கேட்கும் என்பதை மறந்துவிட்டால் பிரெட் மெல்ல மெல்ல ரப்பராகிவிடும். புரூஃபைப் பொறுத்தவரை, வெள்ளை பிரெட் டின்னில் ஏறும் உயரத்துக்குக் கொஞ்சம் முன்பே ஓவனுக்கு அனுப்பிவிடுங்கள். இந்த மாவுக்குக் கடைசி நேர இழுவையைத் தாங்கும் தெம்பு குறைவு.

சோதனையில் அருமையாக வந்தது, பெரிய பேட்ச்சில் கெட்டுப்போனது

ஐந்து கிலோ மாவில் வந்த அழகு ஐம்பது கிலோவில் வராததற்கு முதல் காரணம் சூடு. பெரிய மிக்ஸர் உராய்வால் மாவைச் சூடாக்கும். எளிய கணக்கு ஒன்று இருக்கிறது: பிசைந்த மாவுக்கு வேண்டிய சூட்டை மூன்றால் பெருக்கி, அதிலிருந்து உலர்ந்த மாவின் சூடு, அறையின் சூடு, மிக்ஸரின் உராய்வுச் சூடு மூன்றையும் கழித்தால் தண்ணீரின் சூடு வரும்.

26 டிகிரி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மூன்றால் பெருக்கினால் 78. உலர்ந்த மாவு 28, அறை 30, சின்ன மிக்ஸரின் உராய்வு 4, மொத்தம் 62. ஆக 16 டிகிரித் தண்ணீர் போதும். பெரிய மிக்ஸரில் உராய்வு 12 என்றால் மொத்தம் 70, தண்ணீர் 8 டிகிரியில் இருக்க வேண்டும். சோதனையில் போட்ட அதே 16 டிகிரித் தண்ணீரை இங்கேயும் ஊற்றினால் மாவு கிட்டத்தட்ட 29 டிகிரிக்குப் போய்விடும். பிறகு புளிப்பு ஓட்டமெடுக்கும். உங்கள் மிக்ஸரின் உராய்வு எண்ணை ஒரு பேட்ச்சில் அளந்து, இதே கணக்கைத் திருப்பிப் போட்டுக் கண்டுபிடித்து, மிக்ஸர் மேலேயே எழுதி ஒட்டுங்கள். புளிக்கவைத்த முன்மாவும் (முன்கூட்டியே கலந்து புளிக்கவிட்ட ஒரு பகுதி மாவு) சேர்க்கிறீர்கள் என்றால் மூன்றுக்குப் பதில் நான்கால் பெருக்கி, அதன் சூட்டையும் கழிக்க வேண்டும்.

இரண்டாவது காரணம் டிவைடர், அதாவது மாவை உருண்டைகளாக வெட்டும் இயந்திரம். ஒரு பேட்ச் முழுவதும் வெட்டி முடிக்க 20 நிமிடம் ஆகிறது என்றால், கடைசி உருண்டை முதல் உருண்டையைவிட 20 நிமிடம் அதிகம் புளித்திருக்கும். அதனால் ஒரே தட்டில் ஒன்று உயரம், ஒன்று குட்டை. பேட்ச்சைச் சின்னதாக்குங்கள், அல்லது மாவுச் சூட்டை ஒன்றிரண்டு டிகிரி இறக்குங்கள். தண்ணீர் அதிகமுள்ள சோர்டோ (இயற்கையாகப் புளிக்கவைக்கும் பிரெட்) மாதிரியான மாவை அழுத்தி வெட்டும் டிவைடரில் விட்டால், மணிக்கணக்கில் சேர்த்த காற்றெல்லாம் அங்கேயே போய்விடும். அந்த ரகத்துக்கு மாவை விரித்து வெட்டும் இயந்திரம் வேண்டும், இல்லையென்றால் கையால்தான் வெட்ட வேண்டும்.

முதல் நாள் மெத்தென்று இருந்தது, மூன்றாம் நாள் உதிர்கிறது

விதையும் தானியமும் சேர்த்த பிரெட்டில் இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஓவனிலிருந்து வந்த அன்று எல்லோரும் பாராட்டுவார்கள். மூன்றாம் நாள் ஒரு துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒவ்வொரு விதையைச் சுற்றியும் உள்சதை வெளிறி, ஒரு மெல்லிய வளையமாக விலகியிருக்கும். விரலால் தொட்டால் விதை தனியாகக் கழன்று விழும். உலர்ந்த விதை தன்னைச் சுற்றியிருந்த ஈரத்தை இழுத்துக்கொண்டதன் தடயம் அது.

வழி, ஊறவைப்பது. ஆனால் எல்லா விதையையும் ஒரே மாதிரி ஊறவைக்கக் கூடாது. சூரியகாந்தி, பூசணி விதைகள் தண்ணீர் அதிகம் குடிக்காது. அவற்றை லேசாக வறுத்துச் சேர்த்தால் வாசனையும் கூடும். ஓட்ஸுக்கும் உடைத்த தானியங்களுக்கும் குறைந்தது சம எடைத் தண்ணீர் வேண்டும். ஆளி விதை இரண்டு மூன்று மடங்கு கேட்கும், ஊறியதும் கொழகொழவென்று ஆகும். சியா தன் எடையைப் போலப் பத்து மடங்குவரை பிடித்துக்கொள்ளும், அதனால் கொஞ்சமாகப் போடுங்கள். முந்தைய இரவே ஊறவைத்து, சூடான இடமாக இருந்தால் ஃபார்முலாவில் உள்ள உப்பில் ஒரு பகுதியை அதிலேயே கலந்து குளிர்பெட்டியில் வையுங்கள். இல்லாவிட்டால் ஊறலே புளிக்க ஆரம்பித்துவிடும். குளிர்ந்த ஊறலைச் சேர்க்கும்போது அதன் சூடும் கணக்கில் வர வேண்டும். பிசைந்து முடிக்கும் தறுவாயில், கடைசி இரண்டு நிமிடம், மெதுவேகத்தில் சேர்த்தால் போதும்.

ஊறவைத்தும் காய்கிறது என்றால் ஸ்டார்ச் பக்கம் திரும்புங்கள். பிரெட் இறுகுவது வெறும் ஈரம் போவதால் மட்டும் அல்ல. ஓவனில் இளகிய ஸ்டார்ச், ஆறிய பிறகு மெல்ல மெல்ல மறுபடி படிகமாகிறது. உறைநிலைக்குச் சற்று மேலே உள்ள குளிரில்தான் இது மிக வேகமாக நடக்கும். பிரெட்டைச் சாதாரண ஃப்ரிட்ஜில் வைத்தால் சீக்கிரம் இறுகுவது இதனால்தான். கிடங்கில் பிரெட் எங்கே இருக்கிறது என்று நேரில் போய்ப் பாருங்கள். வைத்திருக்க வேண்டுமென்றால் மைனஸ் 18 டிகிரியில் உறையவையுங்கள், இல்லையென்றால் அறைச் சூட்டிலேயே விடுங்கள். மால்டோஜெனிக் அமைலேஸ் என்ற என்சைம் மென்மையை நாள்கணக்கில் நீட்டும். சேர்க்கை இல்லாத பிரெட் என்று விற்கிறீர்கள் என்றால், என்சைமை அந்த வாக்குக்குள் வைக்கிறீர்களா வெளியே வைக்கிறீர்களா என்று முன்கூட்டியே முடிவெடுங்கள்.

பூஞ்சை சீக்கிரம் வருகிறது. இன்னும் மோசமாக, உள்ளே நூல் விடுகிறது

இவை இரண்டு வேறு நோய்கள். மேலே பச்சை, வெள்ளைப் புள்ளிகள் என்றால் பூஞ்சை. பூஞ்சை வித்துகள் ஓவனில் செத்துவிடும், அதனால் அது ஓவனுக்குப் பிறகுதான் ஏறியிருக்கிறது: ஆறவைக்கும் அறையின் காற்று, ஸ்லைசர் கத்தி, கை. பிரெட்டின் நடுப்பகுதி 35 டிகிரிக்குக் கீழே வருமுன் பையில் போட்டால் பைக்குள் நீர் கோத்து, பூஞ்சைக்கு வசதியாகிவிடும். முழுக்கோதுமையும் விதை பிரெட்டும் ஈரம் அதிகம் உள்ளவை, ஆறவும் கூடுதல் நேரம் எடுக்கும். வெள்ளை பிரெட்டின் ஆறும் நேரத்தையே இதற்கும் வைக்காதீர்கள்.

சேர்க்கை வேண்டாம் என்று கால்சியம் புரோபியோனேட் என்ற பூஞ்சைத் தடுப்பியை எடுத்துவிட்டவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. அது பூஞ்சையை மட்டுமல்ல, ஈஸ்ட்டையும் கொஞ்சம் அடக்கி வைத்திருந்தது. எடுத்தவுடன் மாவு வேகமாக எழும். ஈஸ்ட்டையோ புரூஃப் நேரத்தையோ குறைக்க வேண்டும். இழந்த பாதுகாப்பில் ஒரு பகுதியைப் புளித்த முன்மாவும் வினிகரும் திருப்பித் தரும்.

இப்போது நூல். இதைக் கண்டால் எல்லா வேலையையும் நிறுத்திவிட்டு இதைப் பாருங்கள். வெளியே பார்த்தால் பிரெட் நன்றாக இருக்கும். பையைத் திறந்தால் அளவுக்கு மீறிப் பழுத்த பழத்தின் இனிப்பு வாசனை அடிக்கும். நடுவில் பழுப்பாக, ஈரமாக ஓரிடம் இருக்கும். பிய்த்து மெல்ல விலக்கினால் சிலந்தி நூல் போல மெல்லிய இழைகள் நீளும். பாசிலஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியாவும் அதன் உறவுகளும் செய்யும் வேலை இது. மண்ணிலிருந்து வருபவை. முழுமாவு, தவிடு, விதை எல்லாவற்றிலும் ஒட்டிக்கொண்டு வரும். இவற்றின் வித்துகள் ஓவனில் சாவதில்லை, ஏனென்றால் பிரெட்டின் நடுப்பகுதி 100 டிகிரியைத் தாண்டுவதே இல்லை. வெக்கையான நாட்களில் மெதுவாக ஆறும் பெரிய பிரெட்டில் சீக்கிரம் தலைகாட்டும்.

செய்ய வேண்டியது: அந்தத் தேதியின் சரக்கு முழுவதையும் திரும்ப எடுங்கள். பழைய பிரெட்டை மாவில் கலக்கும் வழக்கம் இருந்தால் அன்றே நிறுத்துங்கள். மிக்ஸர், தட்டு, ஆறவைக்கும் ரேக், ஸ்லைசர் அனைத்தையும் பிரித்துக் கழுவி, வினிகர் கலந்த நீரால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். சந்தேகமுள்ள ஒவ்வொரு மாவிலும் விதையிலும் ஒரு சோதனை பிரெட் போட்டு, ஈரம் போகாமல் சுற்றி, 30 டிகிரிக்கு மேல் இரண்டு மூன்று நாள் வைத்துப் பிய்த்துப் பார்த்தால் எந்த மூட்டை குற்றவாளி என்று தெரிந்துவிடும். இனி வராமல் இருக்க, பிரெட்டின் பி.எச். அளவை (குறையக் குறைய அமிலம் அதிகம்) 5-க்குக் கீழே கொண்டுவருவதும் வேகமாக ஆறவைப்பதும்தான் நல்ல காவல். மாவில் 1 சதவீத வினிகரில் தொடங்கி, பி.எச். மீட்டர் காட்டுவதைப் பார்த்துக் கூட்டுங்கள்.

வெட்டினால் கத்தியில் ஒட்டுகிறது, உள்ளே பிசின் போல இருக்கிறது

கத்தியை மாற்றுவதற்கு முன் மாவைக் கேளுங்கள். முளைகட்டிய தானியமோ, கோதுமை போன்ற ரை என்ற தானியத்தின் மாவோ சேர்த்திருந்தால் காரணம் அமைலேஸ் என்சைம். ஓவனுக்குள் ஸ்டார்ச் இளகும் வேளையில் அது சர்க்கரையாக வெட்டிவிடுகிறது. ரை மாவில் இதைத் தடுக்கும் வழி புளிப்புதான். அமிலம் அந்த என்சைமை அடக்கும். அதனால்தான் ரை பிரெட்டும் புளித்த முன்மாவும் இணைபிரியாமல் வந்திருக்கின்றன. முளைகட்டிய மாவின் அளவைக் குறையுங்கள். வேகும் நேரத்தைக் கூட்டி, நடுச்சூடு 97, 98 டிகிரி தொடும்வரை விடுங்கள். ரை அதிகமுள்ள பிரெட்டை ஒரு நாள் முழுக்க ஆறவிட்டுத்தான் வெட்ட வேண்டும். அன்றே வெட்டி அன்றே அனுப்பும் அட்டவணையில் இதைத் திணிக்க முடியாது.

சோர்டோ என்று பெயர், புளிப்பே இல்லை. அல்லது புளித்து மாவு ஒழுகுகிறது

புளிப்பு இல்லையென்றால் பெரும்பாலும் கடை ஈஸ்ட்டையும் தாராளமாகப் போட்டிருப்பீர்கள். ஸ்டார்ட்டர் (தினமும் மாவும் தண்ணீரும் ஊட்டி வளர்க்கும் புளித்த மாவு) வேலை தொடங்கும் முன்பே பிரெட் ஓவனுக்குள் போய்விடுகிறது. ஸ்டார்ட்டரில் கொஞ்சம் முழுமாவு சேர்த்தால் மொத்த அமிலம் கூடும், ருசியிலேயே தெரியும்.

மாவு ஒழுகுகிறது, உருண்டை தட்டில் பரவுகிறது என்றால் ஸ்டார்ட்டர் பழுத்துப்போனது. அமிலம் அதிகமானால் மாவில் இயல்பாகவே இருக்கும் புரதம் வெட்டும் என்சைம்கள் விழித்துக்கொண்டு க்ளூட்டனைத் தளர்த்திவிடும். இதற்குத் தண்ணீரைக் குறைத்துப் பயனில்லை. ஸ்டார்ட்டரைத் தினமும் ஒரே மணிக்கு, ஒரே சூட்டில், ஒரே விகிதத்தில் ஊட்டுங்கள். அது உச்சிக்கு எழும்பி இறங்கத் தொடங்குமுன் எடுத்துவிடுங்கள். பி.எச். 4-ஐ ஒட்டி இருப்பது நல்லது. விடுமுறை நாளில் யார் ஊட்டுவது என்று பெயர் போட்டு எழுதி வைக்கவில்லையென்றால், விடுமுறை முடிந்த மறுநாளெல்லாம் பிரெட் தட்டையாகத்தான் வரும்.

க்ளூட்டன் இல்லாத பிரெட் ஓவனை விட்டு வந்ததும் அமுங்குகிறது

தண்ணீர் அதிகம், புரூஃப் அதிகம், வேக்காடு குறைவு. இந்த மூன்றில் ஒன்று. நடுச்சூடு 96 முதல் 98 டிகிரி வந்ததா என்று முதலில் பாருங்கள், வேலை சுலபம். அது சரியென்றால் புரூஃபைக் குறைத்துப் பாருங்கள். இங்கே ஒரே ஒரு புரூஃப்தான். தட்டி மறுபடி எழுப்பும் வேலை கிடையாது, பிடித்து நிறுத்த இழையே இல்லையே. இழைக்குப் பதிலாக இருப்பது சைலியம் உமியும் (இசப்கோல்) எச்.பி.எம்.சி. என்ற செல்லுலோஸ் தூள் போன்ற கெட்டிப்பொருளும். சைலியம் 3 முதல் 5 சதவீதம் போட்டு, கலந்த பிறகு பத்து நிமிடம் விட்டால் கெட்டிப்படும். அதற்குமுன் பதத்தைப் பார்த்துத் தண்ணீரைத் திருத்தினால் தவறிப்போகும்.

பெரிய அபாயம் பிரெட்டின் வடிவத்தில் இல்லை. க்ளூட்டன் இல்லை என்று எழுத, கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தரத்தின்படி ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் க்ளூட்டன் இருக்கக் கூடாது. கோதுமை மாவுத் தூசு காற்றில் மணிக்கணக்கில் மிதக்கும். அதே அறையில் இரவு கழுவிவிட்டு காலையில் போடுகிறோம் என்பது போதாது. தனி அறை, தனிக் கருவி, தனி உடை, பேட்ச்தோறும் பரிசோதனை. இவை முடியாதென்றால் இந்த ரகத்தை விட்டுவிடுங்கள். இதை வாங்குபவர்களில் க்ளூட்டன் சாப்பிட்டால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோயாளிகள் இருக்கிறார்கள், அவர்களுக்கு இது ருசிப் பிரச்சினை அல்ல.

மேல்தோல் வெளிறியிருக்கிறது, அல்லது மாவு அடங்காமல் ஓடுகிறது

சர்க்கரையைக் குறைத்தால் நிறம் போகும். ஓவனில் கூடுதல் நேரம் விட்டால் நிறத்துக்கு முன் வறட்சி வரும். அரை சதவீதத்துக்கு உட்பட்ட மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானிய) மாவோ, கொஞ்சம் பால்பவுடரோ உதவும். பாலின் லாக்டோஸை ஈஸ்ட் தின்னாது, அது தோலின் நிறத்துக்கே மிஞ்சும். லேபிளில் பால் ஒவ்வாமைக் குறிப்பு கட்டாயம்.

உப்பை 2 சதவீதத்திலிருந்து 1.2-க்கு இறக்கினால் ஈஸ்ட்டின் கடிவாளம் தளரும், மாவு ஒட்டும். ஈஸ்ட்டைக் குறையுங்கள், மாவை ஒன்றிரண்டு டிகிரி குளிர்ச்சியாக எடுங்கள்.

லேபிளில் எழுதிய நார்ச்சத்து பரிசோதனையில் வரவில்லை

இனுலின் என்ற கரையும் நார்ச்சத்தைச் சேர்த்திருக்கிறீர்களா? அதன் குட்டைச் சங்கிலிகளை ஈஸ்ட்டின் இன்வர்டேஸ் என்ற என்சைம் வெட்டித் தின்றுவிடும். மாவு தளர்ந்து, தோல் சீக்கிரம் சிவந்தால் அதுவே அடையாளம். நீண்ட சங்கிலி வகைக்கு மாறுங்கள், தண்ணீரைக் குறையுங்கள். கோடெக்ஸ் அளவில் 100 கிராமுக்கு 3 கிராம் இருந்தால் நார்ச்சத்து உள்ளது, 6 கிராம் இருந்தால் நார்ச்சத்து மிகுந்தது. ஃபார்முலாவைக் கூட்டிப் போட்ட கணக்கை நம்பாமல், வெந்த பிரெட்டைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

முதல் வாரம் விற்றது, அப்புறம் யாரும் எடுக்கவில்லை

எல்லா அளவும் சரி, குறை எதுவும் கண்ணில் படவில்லை, ஆனால் இரண்டாவது முறை யாரும் வாங்கவில்லை. இதையும் ஒரு பழுதாகவே எடுத்துத் தேடுங்கள்.

முதலில் கசப்பைத் தேடுங்கள். முழுமாவில் முளையின் எண்ணெய் இருக்கிறது, நாளாக ஆகக் காறும். ஒரு கரண்டி மாவில் வெந்நீர் ஊற்றி மூடிவைத்து, திறந்து முகர்ந்து பாருங்கள். பழைய எண்ணெய் வாசனை வந்தால் மாவு பழசு. பொடித்த ஆளி விதைக்கும் இதே சோதனை. மாவு புதிது, ஆனாலும் கசக்கிறது என்றால் தவிட்டின் இயல்பான கசப்பு அது. வெள்ளைத் தவிட்டுக் கோதுமை ரகத்துக்கு மாறினால் வெகுவாகக் குறையும்.

அடுத்து, திருத்திய ஃபார்முலாவும் பழையதும் வாயில் வேறுபடுகிறதா என்று பார்க்க மூன்று துண்டு வையுங்கள், இரண்டு ஒரே ரகம், ஒன்று வேறு. வேறானது எது என்று மட்டும் கேளுங்கள். குருட்டாம்போக்கில் சொன்னாலே மூன்றில் ஒருவர் சரியாகச் சொல்லிவிடுவார். அதைத் தெளிவாகத் தாண்டினால்தான் வித்தியாசம் நிஜம்.

இதையெல்லாம் ஓவனிலிருந்து வந்த சூடான பிரெட்டில் செய்யாதீர்கள். புது ரகத்தை வாங்குபவர் ஒரே நாளில் தீர்ப்பதில்லை, தினமும் இரண்டு துண்டாக எடுத்துச் சாப்பிடுகிறார். கடை அலமாரியில் இருந்த உங்கள் பிரெட்டையே காசு கொடுத்து வாங்கி, பையைத் திறந்து இரண்டு துண்டு எடுத்துவிட்டு மறுபடி முடிச்சுப் போட்டு வையுங்கள். மூன்றாம் நாள் அதைச் சும்மாவும் சாப்பிட்டுப் பாருங்கள், டோஸ்ட் செய்தும் சாப்பிட்டுப் பாருங்கள். இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள்.